பிரெட் முரும்: மொரீஷியஸில் ஆறு நாள்

முதல் நாள்: ரோஸ் ஹில்

அரையாண்டுத் தேர்வுத் தாள் கட்டைத் திருத்திக் கொடுத்த கையோடு விமானம் ஏறியவள் நான். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 19 வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். தம்பி இங்கே எபேனில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். "ஒரு தடவையாவது வந்துட்டுப் போக்கா" என்று மூன்று வருடமாக நச்சரித்தவன், இந்த முறை டிக்கெட்டையே போட்டு அனுப்பிவிட்டான். பெட்டியில் நாலு புடவை, இரண்டு சுடிதார், அப்புறம் என் வேர்ச்சொல் நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 200 பக்கம். கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பிய்த்துப் பிய்த்து எழுதி வைத்திருக்கிறேன். டெலி என்றால் தொலைவு, போன் என்றால் ஒலி. போட்டோ என்றால் ஒளி, கிராஃப் என்றால் எழுத்து. மனப்பாடம் பண்ணாமல் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பழைய மாணவர்கள் இன்றும் வந்து ஜெராக்ஸ் எடுத்துப் போவார்கள். அந்தக் கர்வத்தோடுதான் இங்கே வந்து இறங்கினேன்.

தம்பி குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரர்கள், ஐந்தாறு தலைமுறையாக இந்தத் தீவில் இருக்கும் தமிழர்கள். வீட்டுக்கார அக்கா ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வாசலிலேயே கைகூப்பி, "வாருங்கள், பயணம் இனிதாக அமைந்ததா? உணவு உண்டீர்களா?" என்றார். "சாப்ட்டாச்சுக்கா, பிளேன்லயே குடுத்தாங்க" என்றேன். அக்கா முகத்தில் ஒரு நொடி குழப்பம். பாடப்புத்தகத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் ஊர்ப் பேச்சு விளங்கவில்லை. வீட்டுக்குள் எல்லாருக்கும் கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. பேப்பர் படிக்கப் பிரெஞ்சு, பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம், கோவிலுக்கும் வகுப்புக்கும் தமிழ்.

அக்காவின் மகனுக்கு 15 வயது. என்னைப் பார்த்ததும் "போன்ஜூர், தாந்தின்" என்றான். தாந்தின் என்றால் இங்கே அத்தை, சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அம்மா, எல்லாம். பிரெஞ்சு 'தாந்த்' வழியாக வந்தது. அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் 'அமிதா'. ஆங்கிலத்து ஆன்ட்டும் அதே அமிதாவின் பேத்திதான். இது என் நோட்டில் 14-ஆம் பக்கம்.

நம் ஆட்களுக்குப் பிடிக்கிற விஷயம் இனிமேல்தான். லத்தீன்காரர்களும் உறவைப் பிரித்துத்தான் கூப்பிட்டார்கள். அமிதா என்றால் அப்பாவின் அக்கா தங்கை மட்டும், அதாவது அசல் அத்தை. அம்மாவின் அக்கா தங்கை 'மாதெர்தெரா'. அப்பாவின் சகோதரன் 'பத்ருவுஸ்', நம் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் சகோதரன் 'அவுங்குலுஸ்', அசல் தாய்மாமன். ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது அமிதாவும் அவுங்குலுஸும்தான். அவைதான் ஆன்ட், அங்கிள். மற்ற இரண்டும் வழியில் காணாமல் போயின. ஆக, தெருவில் போகிறவரையெல்லாம் நாம் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடும்போது, பூர்வீகப்படி பார்த்தால் மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுகிறோம்.

இதைப் பையனிடம் ஆர்வமாகச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, தமிழ் ஆசிரியைக்கே உரிய கறாரோடு கணக்குப் போட்டார். "தங்கள் தம்பியை நான் தம்பி என்று அழைக்கிறேன். அப்படியானால் தாங்கள் என் தங்கை. இவனுக்குச் சித்தி. அத்தை ஆக மாட்டீர்கள்." ஆமாம். நான் மாதெர்தெரா. வந்த முதல் நாளே தப்பு கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாம் நாள்: போர்ட் லூயி

ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் போனோம், நானும் பையனும். மெட்ரோ என்பது கிரேக்கத்து மெட்ரோபோலிஸின் வால் அறுந்த மிச்சம். மேத்தேர் என்றால் தாய், போலிஸ் என்றால் நகரம். தாய் நகரத்து வண்டி. பையன் காதில் இயர்போன் இருந்தது; நான் சொன்னது பாதிதான் போயிருக்கும்.

ஆப்பிரவாசி காட் கடற்கரையோரம், பெரிய சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எதிர்பார்த்ததைவிடச் சின்ன இடம். கருங்கல் சுவர்கள், சில அறைகள், 16 படிகள். 1834-இலிருந்து 1920 வரை கிட்டத்தட்ட 5 லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். 1849-க்குப் பிறகு வந்தவர்கள் கால் வைத்தது இங்கேதான். யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழர்கள் இந்தக் கூலி முறைக்கும் முன்பே வந்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1730-களிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் இந்த ஊரைக் கட்டக் கூட்டி வந்தார்கள்.

அங்கே ஒரு பலகையில் 'இண்டென்ச்சர்' என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். லத்தீனில் 'தென்ஸ்' என்றால் பல். டென்டிஸ்ட் அதிலிருந்து வந்ததுதான். பல்லுக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? பழைய காலத்து ஐரோப்பாவில் ஒரே தாளில், அல்லது தோலில், ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதுவார்கள். நடுவில் நேராக வெட்டாமல் ரம்பப் பல் மாதிரி வளைத்து வளைத்து வெட்டி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் அசல். பொருந்தாவிட்டால் போலி. பல் வைத்து வெட்டிய பத்திரம், அதனால் இண்டென்ச்சர்.

படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இது வேறு மாதிரி உறைத்தது. அந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு இந்தப் படி ஏறியவனிடம் இன்னொரு பாதி இருந்ததா? இருந்தாலும் அவனால் படிக்க முடிந்திருக்குமா? வட இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அக்ரிமென்ட் என்ற சொல்லை 'கிர்மித்' ஆக்கிக்கொண்டார்கள். லத்தீனில் 'கிராத்துஸ்' என்றால் மனதுக்கு உகந்தது. அக்ரிமென்ட் அதிலிருந்து கிளைத்தது. உகந்துதான் வந்தார்களாம். நாம் கொடுத்ததாகப் பலர் சொல்லும் சொல் 'கூலி'. அது ஆங்கிலத்தில் குலி என்றாகி, வேலைக்குக் கொடுக்கும் காசைக் குறித்த சொல் வேலை செய்யும் ஆளையே குறிக்க ஆரம்பித்து, கடைசியில் வசைச் சொல்லாகவும் ஆனது.

"பல்லுக்கு உங்க கிரியோல்ல என்னப்பா?" என்று கேட்டேன். "லெதான்" என்றான். அதேதான். பிரெஞ்சு 'தான்', லத்தீன் 'தென்ஸ்'. என் நோட்டில் நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருப்பது இவன் வாயில் காலையில் பல் தேய்க்கும்போதே இருக்கிறது.

பசித்தது. தெருமுனை வண்டிக்காரரிடம் காத்தோ பிமா வாங்கினோம். மிளகாய் கேக் என்று அர்த்தம். ஆனால் வாயில் போட்டால் அசல் பருப்பு வடை, கொஞ்சம் உருண்டையாக. பிமா என்பது பிரெஞ்சுப் 'பிமான்'. அதன் மூலம் லத்தீன் 'பிக்மெந்தும்', அதாவது சாயம். சாயத்துக்கான சொல் பின்னால் மருந்துச் சரக்குக்கும் மசாலாவுக்கும் ஆகி, கொலம்பஸுக்குப் பிறகு மிளகாய் வந்ததும் அதன் தலையில் உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் பெயின்ட், பிக்சர் எல்லாம் அதே குடும்பம். ஐந்து வடை தின்றேன். கணக்கு தம்பிக்குத் தெரிய வேண்டாம்.

காசு கொடுக்கும்போது 100 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். படத்தில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், இங்கத்துத் தமிழர், அரசியல் தலைவர். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சீனிவாசன் 'சீனீவாசென்' ஆகியிருக்கிறார். நோட்டில் தமிழும் இருக்கிறது. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தது. வீட்டில் தமிழ் பேசாதவர்கள்தான் இந்தச் சண்டை போட்டார்கள்.

ஓர் அரசுக் கட்டடத்தில் நாட்டின் முத்திரை இருந்தது. ஒரு பக்கம் டோடோ பறவை, மறு பக்கம் மான், இரண்டின் பக்கத்திலும் கரும்பு. கீழே லத்தீனில் ஒரு வரி: 'ஸ்தெல்லா கிளாவிஸ்க்வே மாரிஸ் இந்திகி'. என் நோட்டு இருக்கிற தைரியத்தில், "இதைப் பிரிச்சுச் சொல்றேன் பாரு" என்று ஆரம்பித்தேன். பையன் இயர்போனைக்கூடக் கழற்றவில்லை. "ஸேத்வால், லாக்லே, லாமேர்" என்று விரல் விட்டு எண்ணினான். நட்சத்திரம், சாவி, கடல். ஸ்தெல்லா பிரெஞ்சில் ஏத்வால், கிரியோலில் ஸேத்வால். கிளாவிஸ் கிளே ஆகி, லாக்லே ஆனது. மாரே லாமேர் ஆனது. இந்தியப் பெருங்கடலின் நட்சத்திரமும் சாவியும். மூன்று நொடி. நான் இதைக் கரும்பலகையில் போட்டு நடத்தினால் ஒரு பீரியட் ஆகும்.

"இது லத்தீன்னு தெரியுமா உனக்கு?"

"நோ, தாந்தின். இது கிரியோல்தானே, கொஞ்சம் தப்பா எழுதியிருக்காங்க."

டோடோவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பறவை அழிந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1766-இல், உயிரினங்களுக்கெல்லாம் லத்தீனில் பெயர் வைத்த சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் 'திதுஸ் இனெப்துஸ்'. இனெப்துஸ் என்றால் ஒன்றுக்கும் லாயக்கில்லாதது. ஆங்கிலத்து இனெப்ட் அதுவே. டச்சுக்காரர்களும் அவர்கள் கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் சேர்ந்து முடித்துவிட்ட பறவையை இப்படித் திட்டியும் வைத்தார்கள். இப்போதைய பெயரில் இருப்பது 'குகுல்லாத்துஸ்', முக்காடு போட்டது. பரவாயில்லை.

மூன்றாம் நாள்: பாம்ப்ளமூஸ்

ஊர்ப் பெயரே ஒரு பழம். பாம்ப்ளமூஸ் என்றால் பிரெஞ்சில் நம் பம்பளிமாஸ் ஜாதி. டச்சுக்காரர்கள் பொம்பல்மூஸ் என்றார்கள். இதைத் தமிழ் டச்சுக்குக் கொடுத்ததா, டச்சு தமிழுக்குக் கொடுத்ததா என்று அகராதிக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் 'உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய்' என்று வருகிற செய்திகளில் இந்தச் சண்டை இருக்காது. தீர்ப்பு மட்டும் இருக்கும். எனக்கு அந்தச் செய்திகள் ஆகாது. ஓசை ஒத்துப்போனால் உறவு என்றால், நம் 'பேய்'க்கும் ஆங்கிலத்து 'பே' என்ற சம்பளத்துக்கும்கூட உறவு சொல்லலாம். மாதக் கடைசியில் பொருத்தமாகவும் இருக்கும்.

நான் பார்க்க வந்த ஆள் பியேர் புவாவ்ர். இங்கிருக்கும் தாவரவியல் தோட்டத்தை அந்தக் காலத்தில் வளர்த்தெடுத்தவர். 1767-இல் தீவின் நிர்வாகியாக வந்தார். அப்போது ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர்களின் இரும்புப் பிடியில் இருந்தன. மொலுக்கா தீவுகளிலிருந்து கன்றும் விதையும் திருட்டுத்தனமாகக் கொண்டுவர ஆள் அனுப்பினார். 1770-இல் அவை இங்கே வந்து சேர்ந்தன. அதற்கும் வெகுநாள் முன்பு, கடல் சண்டையில் ஆங்கிலேயர் பீரங்கிக் குண்டு பட்டு ஒரு கையை இழந்தவர். ஒற்றைக் கையால் இத்தனை வேலை.

பியேர் என்பது கிரேக்கத்தில் 'பெத்ரோஸ்', கல். பெட்ரோலில் இருப்பதும் அந்தக் கல்தான், பாறை எண்ணெய். புவாவ்ர் என்றால் பிரெஞ்சில் மிளகு. கல்லு மிளகு என்று ஒருவருக்குப் பெயர், அவர் வாழ்நாள் முழுக்க மசாலா திருடினார். கதையில் எழுதினால் மிகை என்பார்கள்.

புவாவ்ரும் ஆங்கிலப் பெப்பரும் லத்தீன் 'பிபேர்' வழி வந்தவை. அது கிரேக்கப் 'பெபேரி'. கிரேக்கருக்கு அது போனது இந்தியாவிலிருந்து: சமஸ்கிருதப் பிப்பலி, நம் திப்பிலி. திப்பிலியின் பெயரை வைத்துக்கொண்டு மிளகைக் கேட்டிருக்கிறார்கள். மிளகுக்கு நம்மிடம் வேறு பெயர் இருந்தது: கறி. யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதாக அகநானூறு சொல்கிறதே, அந்தக் கறி. பிறகு கறி என்பது மசாலா போட்டுச் சமைத்த எல்லாவற்றுக்கும் ஆகி, ஆங்கிலத்தில் கரி ஆகி, இங்கே காரி ஆகியிருக்கிறது. இஞ்சியும் அப்படித்தான். ஆங்கிலத்து ஜிஞ்சர் லத்தீனில் 'ஸிங்கிபேர்', கிரேக்கத்தில் 'ஸிங்கிபேரிஸ்', பாலி மொழியில் 'சிங்கிவேரம்'. முன்பாதி இஞ்சி, பின்பாதி வேர் என்பது பல அறிஞர்கள் ஏற்கும் கருத்து. இது ஓசையை மட்டும் வைத்துச் சொன்னதல்ல. ஒவ்வொரு ஊரிலும் எப்படி உருமாறியது என்று படி இருக்கிறது. படி இருந்தால் நான் ஏறத் தயார்.

தோட்டத்தில் ஆள் படுக்கலாம் போன்ற ராட்சத அல்லி இலைகளைப் பார்க்கத்தான் கூட்டம். எனக்குத் தாளிப்பனைதான் பிடித்தது. பல பத்தாண்டு வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியில் பூத்து, காய்த்து, செத்துப்போகும். அதன் தாவரவியல் பெயர் 'கோரிபா உம்ப்ராகுலிபெரா'. உம்ப்ரா என்றால் நிழல். அம்பரெல்லா அதன் வழியில்தான் வந்தது. உம்ப்ராகுலும் என்றால் குடை, பெரோ என்றால் தாங்குவது. குடை தாங்கி. அக்காவிடம் போனில் சொன்னேன். "தமிழில் அதற்குக் குடைப்பனை என்றும் பெயர் உண்டு" என்றார். லின்னேயஸுக்கு முன்னால் நம் ஆட்களும் அதே மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியெல்லாம் கரும்பு. பையனுக்குத் தாகம், "திலோ" என்றான். தண்ணீர். பிரெஞ்சில் 'து லோ'. அந்த 'லோ'வில் இருக்கும் ஓ மட்டும்தான் தண்ணீர். லத்தீன் 'ஆக்வா' தேய்ந்து தேய்ந்து ஒற்றை ஓ ஆகிவிட்டது. நான் அக்வேரியம், அக்வாகார்டு என்று உதாரணம் எழுதி வைத்திருக்கிறேன். கூழாங்கல் மாதிரி உருண்ட இந்த ஓவை எழுதவில்லை. இன்று ராத்திரி நோட்டில் சேர்த்தேன்.

நான்காம் நாள்: வீட்டில்

மழை. கடற்கரைக்குப் போகும் திட்டம் ரத்து. வாடகைக் கார்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்ததில் தம்பிக்கு மூட் அவுட்.

பையன் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். 61-ஆம் பக்கத்தில் நின்றான். 'சின்சியர்: லத்தீன் சினே கேரா. மெழுகு இல்லாமல். ரோமானியச் சிற்பிகள் சிலையில் விரிசல் விழுந்தால் மெழுகு வைத்துப் பூசி ஏமாற்றுவார்கள். மெழுகு வைக்காத நேர்மையான சிலைதான் சின்சியர்.' என் வகுப்பில் அதிகம் கைதட்டல் வாங்கும் கதை. வழியனுப்பு விழாக்களிலும் சொல்லியிருக்கிறேன்.

பையன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி நீட்டினான். அகராதி சொல்கிறது: லத்தீன் 'சின்கேருஸ்', சுத்தமானது, கலப்படம் இல்லாதது. மெழுகுக் கதைக்கு ஆதாரம் இல்லை, பிற்காலத்துக் கட்டுக்கதை. இன்னொரு அகராதி. அதுவும் அதே.

19 வருடம். வருடத்துக்கு 120 பிள்ளைகள் என்று வைத்தாலும் இரண்டாயிரத்துக்கு மேல். அத்தனை பேரும் எங்கேயோ உட்கார்ந்து சிற்பி, மெழுகு என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நேற்றுத்தான் வாட்ஸ்அப்காரர்களை நக்கல் அடித்து எழுதினேன். அந்தப் பதிவை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். இருக்கட்டும்.

அக்கா காபி கொண்டுவந்து வைத்து, "கதை அழகாகத்தானே இருக்கிறது?" என்றார். அதுதான் வில்லங்கமே. அழகாக இருந்ததால் நான் சரிபார்க்கவே இல்லை. சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். திங்கள் பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள்: க்யூர்பீப், பிறகு எச்சரிக்கை

காலையில் வெயில் அடித்தது. க்யூர்பீப்பில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயைப் பார்த்துவிட்டு வந்தோம். அடங்கிக் கிடக்கும் எரிமலை, உள்ளே மரமும் அடியில் கொஞ்சம் தண்ணீரும். கிரேட்டர் என்றால் கிரேக்கத்தில் வைனும் தண்ணீரும் கலக்கும் அண்டா. மேலிருந்து பார்த்தால் கல்யாண வீட்டு ரசம் அண்டா மாதிரிதான் இருக்கிறது. அரை மணி நேரம், அவ்வளவுதான்.

மத்தியானம் ரேடியோவில் முதல் வகுப்புப் புயல் எச்சரிக்கை. பொழுது சாய்வதற்குள் இரண்டாம் வகுப்பு. இங்கே மொத்தம் நாலு வகுப்பு. நாலாவது என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நான்தான் பதறினேன். மற்றவர்கள் பழகிய வேலை மாதிரி செய்தார்கள். பையன் பூந்தொட்டிகளை உள்ளே இழுத்தான். தம்பி கடைக்குப் போய் ரொட்டி, டின் மீன், மெழுகுவர்த்தி வாங்கி வந்தான். மெழுகைப் பார்த்ததும் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும்.

பாட்டிக்கு, அக்காவின் மாமியாருக்கு, கரோல் புயல் நினைவிருக்கிறது. 1960 பிப்ரவரி. ஓலையும் தகரமும் வேய்ந்த வீடு. கூரை பறந்துபோய் கரும்புக் காட்டில் விழுந்ததாம். 1975-இல் ஜெர்வேஸ் வந்தபோது கான்கிரீட் வீடு கட்டியாயிற்று. லத்தீனில் கான்கிரீட் என்றால் ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்து இறுகியது. கரோலுக்குப் பிறகு தீவே கான்கிரீட்டுக்கு மாறியது. தட்டைக் கூரைகளாக இவ்வளவு ஏன் இருக்கின்றன என்று வந்த நாளிலிருந்து யோசித்தேன், விடை கிடைத்தது.

ரேடியோவில் மூச்சுக்கு மூச்சு 'சிக்லோன்', 'சிக்லோன்'. சைக்ளோன் என்ற சொல்லே இந்தத் தீவுக்கு உறவுக்காரன். கிரேக்கச் சொல்தான், ஆனால் எந்தக் கிரேக்கனும் புயலுக்கு அதைச் சொன்னதில்லை. 1845 பிப்ரவரியில் 'சார்ல்ஸ் ஹெடில்' என்ற பாய்மரக் கப்பல் மொரீஷியஸிலிருந்து கிளம்பி, புயலில் மாட்டிக்கொண்டது. காற்று தள்ளிய பக்கமே ஓடியது. நாட்கணக்கில் ஓடி, எங்கேயோ போய்ச் சேர்ந்திருப்போம் என்று பார்த்தால், செக்குமாடு மாதிரி புயலின் நடுவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அந்தக் கப்பலின் நாட்குறிப்பு கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் கைக்குப் போனது. புயல்களை ஆராய்வது அவருக்குப் பித்து. கப்பல் போன தடத்தை வரைந்து பார்த்தார்; வளையம் வளையமாக வந்தது. சுருண்டு கிடக்கும் பாம்பை நினைத்து, வட்டத்தைக் குறிக்கும் கிரேக்க 'குக்லோஸ்' குடும்பத்திலிருந்து சைக்ளோன் என்று பெயர் வைத்தார். 1848-இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேட்டில் அச்சேறியது. வங்காளத்தில் உட்கார்ந்து, மொரீஷியஸ் காற்றுக்கு, ஆங்கிலேயர் வைத்த கிரேக்கப் பெயர்.

சைக்கிளும் அதே வட்டம்தான். பையனின் சைக்கிளை வராந்தா கிராதியோடு கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

ஆறாம் நாள்: எங்கும் போகவில்லை

மூன்றாம் வகுப்பு. பஸ், மெட்ரோ, கடை எல்லாம் நின்றுவிட்டன. நாளைய விமானம் தள்ளிப்போகும் என்று குறுஞ்செய்தி. கரண்ட் காலை பத்து மணிக்கே போயிற்று. காற்று ஜன்னல் இடுக்கில் விசில் அடிக்கிறது. வாசல் செம்மயிற்கொன்றை மரம், இங்கே ஃபிளாம்பாயான், பூவையெல்லாம் உதிர்த்துச் சுவரோடு அப்பி வைத்திருக்கிறது. ஃபிளாமா, தீக்கொழுந்து. பார்த்தால் தெரிகிறது, நோட்டு வேண்டாம்.

மத்தியானத்துக்கு என்ன என்று கேட்டேன். "பிரெட் முரும்" என்றார் பாட்டி. தம்பி வாங்கி வந்த ரொட்டியைச் சொல்கிறார், அதற்குத் தொட்டுக்கொள்ள ஏதோ முரும் என்று நினைத்துக்கொண்டேன். பிரெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனால் பாட்டி சிரிக்கிறார். தரையில் பழைய பேப்பர் விரித்து, முன் ஜாக்கிரதையாக நேற்றே ஒடித்து வைத்த கிளைகள். முருங்கைக்கீரை.

நானும் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தேன். காம்பைப் பிடித்து, அடியிலிருந்து மேலே ஓர் இழுப்பு. பாட்டிக்குத் தமிழ் பத்து வார்த்தை, எனக்குக் கிரியோல் பத்து வார்த்தை. பையன் நடுவில். பிரெட் என்றால் கீரை. இங்கே எல்லாக் கீரைக்கும் பிரெட்தான் முன்னால். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் போர்த்துகீசியர்களின் 'பிரேதோ'விலிருந்து எடுத்தார்கள். அதன் மூலம் லத்தீன் 'பிலிதும்', அதற்கும் மேலே கிரேக்கப் 'பிலிதோன்', ஒரு வகைக் கீரைதான். ருசியில்லாத கீரை என்று கிரேக்கர்கள் அதை அசட்டுக்கும் உவமை சொன்னார்களாம்.

முரும்? மாடியில் மழையில்லாத ஓரத்தில் எனக்குச் சிக்னல் கிடைத்தது இரண்டே நிமிடம்; ஆனால் இதற்கு அகராதி பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முருங்கை. முன்பாதி ஏதென்ஸிலிருந்து லிஸ்பன் சுற்றி வந்தது, பின்பாதி புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறியது. இரண்டும் இந்தச் சட்டியில் சந்தித்திருக்கின்றன. 200 பக்க நோட்டில் இப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

பையனிடம் சொல்லிப் பாட்டிக்குச் சொல்லச் சொன்னேன். அவன் கிரியோலில் நீளமாகச் சொன்னான். பாட்டி கீரை உருவுவதை நிறுத்தவில்லை. முரும் தமிழ் என்பதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. "ஸா கிரியோல், ஸா" என்றார். அது கிரியோல்தான். அவர் அம்மா சொன்னது, அம்மாவின் அம்மா சொன்னது, அப்புறம் எப்படி வேறு ஊர்ச் சொல்லாகும்? அக்கா இடைமறித்து இலக்கணத் தமிழில் விளக்க வந்தார். பாட்டி கையமர்த்திவிட்டார்.

கேஸ் அடுப்பில் சட்டி ஏறியது. வெங்காயம், பூண்டு, நசுக்கிய இஞ்சி, கொஞ்சம் எண்ணெய். கீரையைப் போட்டு, மூழ்கத் தண்ணீர். நம் ஊரில் பருப்பு போட்டிருப்போம். இங்கே தெளிவான சாறாக, சோற்றில் ஊற்றிக்கொள்கிறார்கள். பக்கத்தில் மெழுகுவர்த்தி. வாசனை மட்டும் எங்கள் வீட்டு வாசனை.

தட்டில் எனக்கு இரண்டாவது கரண்டி ஊற்றும்போது பாட்டி ஏதோ கேட்டார். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தான்.

"இந்தியாவுலயும் எங்க முரும் கிடைக்குமான்னு கேக்கறாங்க, தாந்தின். இல்லைன்னா விதை தர்றாங்களாம், கொண்டுபோய் நடச் சொல்றாங்க."